நிலவு முகம், மூங்கில் தோள்: பிள்ளைகளுக்கு அளவெடுத்தது கவிதைதானா?

3 மார்ச் 2024, காலை – தெஹிவளை வாசகி ஒருவரின் கேள்வி

மகள் ஆங்கில இலக்கிய வகுப்பில் ‘பார்பி பொம்மை’ என்ற அமெரிக்கக் கவிதையைப் படித்துவிட்டு வந்து இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மார்ஜ் பியர்சி எழுதியது. மூக்குப் பெரிது, கால் தடிப்பு என்று சொல்லிச் சொல்லியே ஒரு பிள்ளையைச் சாகடிக்கிறார்கள். தமிழில் இப்படி எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்த தமிழ்க் கவிதையெல்லாம் நிலவு முகம், மூங்கில் தோள், கொடி இடை. அளவுகோலைச் செய்து கொடுத்ததே கவிதைதான், அதனிடமே போய் நியாயம் கேட்டு என்ன பயன்?

3 மார்ச், இரவு

பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் சண்டைக்கு வருகிறேன்.

வெள்ளவத்தையில் வீட்டு முன்னறையில் பதினாறு வருடமாக ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தமிழ் ரியூசன் கொடுக்கிறேன், ஆகவே அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஆட்களில் நானும் ஒருத்தி. அதற்குப் பெயரே உண்டு. தலையில் தொடங்கிக் கால்வரை வர்ணித்தால் கேசாதிபாதம், காலில் தொடங்கித் தலைக்கு ஏறினால் பாதாதிகேசம். தெய்வத்தை அடியிலிருந்து பாடவேண்டும், மனிதரை முடியிலிருந்து பாடலாம் என்பது மரபு. எங்கள் மாமி ஒருவர் இலக்கணம் படிக்காமலே இதைக் கடைப்பிடிப்பார். கதவைத் திறந்ததும் முதலில் முடியைப் பார்ப்பார் (“என்ன பிள்ளை, இப்பிடிக் கொட்டுண்டு போச்சு”), பிறகு நெற்றியில் பரு, பிறகு கழுத்தடிக் கறுப்பு, அப்படியே இறங்கிக் குதிக்கால் வெடிப்பில் வந்து நிற்பார். அதற்குப் பிறகுதான் “வா, இரு”.

சங்க நூலான பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியாரும் ஒரு விறலியை இப்படித்தான் முடியிலிருந்து இறங்கிக்கொண்டே வர்ணிக்கிறார். அறல் (ஆற்றுக் கருமணல்) போலக் கூந்தல், பிறை போல நெற்றி, எல்லாம் வழக்கம்போல. பாதத்துக்கு வரும்போது “வருந்துநாய் நாவின் பெருந்தகு சீறடி”. ஓடிக் களைத்த நாயின் நாக்குப் போன்ற சின்னப் பாதமாம்! வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து ஒரு மாதம் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி “நாய் நாக்கு” என்றுதான் கூப்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை. ஒரு காலத்தில் தலைசிறந்த பாராட்டாக இருந்தது இன்னொரு காலத்தில் இவ்வளவு சிரிப்புக்கு இடமாகும் என்றால், இன்றைக்கு அவர்கள் போனில் பார்த்துப் பார்த்து ஏங்கும் தாடையும் இடுப்பும் என்னவாகும் என்று அந்தச் சிரிப்பில் கொஞ்சமாவது உறைக்கட்டும் என்று விட்டேன்.

பியர்சி கவிதையை நாளைக்குத் திரும்ப வாசித்துவிட்டு வருகிறேன்.

4 மார்ச்

முதலில் திருத்தம். விறலி இல்லை, பாடினி (ஆடுகிறவள் விறலி, பாடுகிறவள் பாடினி). கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஐயா காலையிலேயே பிடித்துவிட்டார். ரியூசன் ரீச்சரின் மானம் போனது, பரவாயில்லை.

பியர்சிக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் வந்த கவிதை, பார்பி பொம்மை கடைக்கு வந்தது 1959இல், அதாவது அந்தப் பொம்மையோடு விளையாடிய முதல் கூட்டம் பெரியபிள்ளையாகி நிற்கிற நேரம். உங்கள் மகளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது மூக்காலும் காலாலும் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, ஆரோக்கியமானவள், அதெல்லாம் கவிதையிலேயே இருக்கிறது. கடைசியில் மூக்கையும் காலையும் வெட்டிக் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறாள், பிணத்துக்கு ஒப்பனை செய்கிறவர் மூக்கை மாவில் பிடித்து ஒட்டி முகத்துக்குப் பூசி வைத்திருக்கிறார், வந்தவர்கள் எல்லோரும் எவ்வளவு வடிவு என்கிறார்கள். அந்த இடம்தான் நெஞ்சில் நிற்கிறது.

அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. எங்கள் சின்னம்மம்மா செத்தபோது பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் வைத்திருந்தோம். வாழ்நாள் முழுக்கத் திருநீறு தவிர முகத்தில் ஒன்றும் பூசாத மனுஷி. போய்ப் பார்த்தால் உதட்டுக்குச் சாயம், கன்னத்துக்கு ரோஸ் பவுடர். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே “பாருங்கோ, என்ன வடிவா இருக்கிறா” என்றார். சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

4 மார்ச், கொஞ்சம் பிந்தி

வடிவு என்று எழுதியதைப் பார்த்துத் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் “அழகு என்று எழுதக்கூடாதா” என்று கேட்கிறார். எழுதலாம், ஆனால் அந்தச் சொல்லால் எங்களுக்கு ஒருபோதும் காயம் பட்டதில்லை. அழகு புத்தகத்தில் வரும். வீட்டில் வருவது வடிவு. அதிலும் இந்தச் சொல்லுக்கு எங்களிடம் இன்னொரு வேலை உண்டு: வடிவாச் சாப்பிடு, வடிவாப் படி, வடிவாக் கேட்டுக்கொண்டு வா. ஒழுங்காக, முழுதாக, சரியாக. ஒரு பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே சரியாக இருப்பதற்கும் அழகாக இருப்பதற்கும் ஒரே சொல்தான் காதில் விழுகிறது. இதை நான் நாற்பது வயதுக்குப் பிறகுதான் கவனித்தேன்.

7 மார்ச்

“வெள்ளைக்காரன் வந்துதான் எங்களுக்கு வெள்ளைத் தோலில் மோகம் வந்தது, சங்க காலத்தில் கறுப்புத்தான் அழகு” என்று ஒருவர். சொல்ல ஆசையாக இருக்கிறது, நானும் வகுப்பில் அப்படியே முழங்கியிருக்கிறேன். சான்றைப் பார்ப்போம். குறுந்தொகை 27, வெள்ளிவீதியார் பாட்டு, பெண் எழுதியது:

கன்றும் உண்ணாது கலத்தினும் படாது
நல்லான் தீம்பால் நிலத்துஉக் காஅங்கு
எனக்கும் ஆகாது என்ஐக்கும் உதவாது
பசலை உணீஇயர் வேண்டும்
திதலை அல்குல்என் மாமைக் கவினே

கன்றும் குடிக்காமல் கறக்கும் கலத்திலும் விழாமல் நல்ல பசுவின் பால் மண்ணில் ஊற்றுண்டு போவது மாதிரி, எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் என் மாமை நிறத்தின் அழகைப் பசலை தின்கிறது என்கிறாள். மாமை அழகு, பசலை நோய். பசலை என்றால் தோல் வெளிறுவது. திருக்குறளில் இதற்கென்றே பசப்புறு பருவரல் என்று 119ஆம் அதிகாரம், பத்துக் குறளும் வெளிறிப் போகிறேனே என்ற அழுகை.

இதைப் படிப்பித்த அன்று ஒரு பிள்ளை கையை உயர்த்தி, “மிஸ், அப்ப அந்தக் காலத்தில வெள்ளையாகிறது ஒரு வருத்தமா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். பின்வாங்கிலிருந்து இன்னொருத்தி: “அப்ப எங்கட அக்கா மாசாமாசம் காசு குடுத்துப் பசலை வாங்கிறா.”

பதினாறு வருடத்தில் என் வகுப்பில் சொல்லப்பட்ட ஆகச் சிறந்த இலக்கிய விமர்சனம் அது. ஃபெயார் அண்ட் லவ்லி என்ற வெளுக்க வைக்கும் கிறீம் இந்தியக் கடைகளுக்கு வந்தது 1975இல், பெயரிலிருந்து ‘ஃபெயார்’ போனது 2020இல். நாற்பத்தைந்து வருடப் பசலை.

நானும் சிரித்தேன், ஆனால் எனக்குச் சிரிக்க உரிமை குறைவு. என் கலியாணத்துக்கு மூன்று நாள் முன்பு சித்தி வற்புறுத்தி ஒரு பார்லருக்குக் கூட்டிப்போய் பிளீச் போட வைத்தார். எரிகிறது என்றேன், கொஞ்சம் பொறுங்கோ என்றார்கள். வலது கன்னம் வெந்துவிட்டது. கலியாண அல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் இடப்பக்கம்தான் தெரிகிறேன், வெட்கத்தில் முகத்தைத் திருப்பி நிற்கிறேன் என்று மாமியார் வீட்டில் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

7 மார்ச், இரவு

இரண்டாம் யோசனை. மாமை என்றால் கறுப்பு என்று முழங்கியது சரியில்லை. மாந்தளிர் நிறம் என்பார்கள். எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு மாமரம் துளிர்விட்டு நிற்கிறது, பின்னேரம் போய்ப் பார்த்தேன்: செம்பும் கபிலமும் கலந்து, எண்ணெய் தடவியது மாதிரி ஒரு மினுக்கம். கறுப்பு இல்லை, ஆனால் கிறீம் டப்பாவில் இருக்கும் நிறமும் இல்லை. கறுப்புக்கு வேறு சொல்லே இருக்கிறது, மாயோள். குறுந்தொகை 9 “யாய்ஆ கியளே மாஅ யோளே” என்றுதான் தொடங்குகிறது, அங்கே அது குறையாகச் சொல்லப்படவில்லை.

அதற்காகச் சங்க காலத்துப் பெண் அளவுகோல் இல்லாமல் சுதந்திரமாகத் திரிந்தாள் என்று கதை விடக்கூடாது. அளவுகோல் இருந்தது, நிறம்தான் வேறு. பாலை ஊற்றிவிட்டோமே என்ற கவலையில் பால் யாருக்கோ பயன்படவேண்டியது என்ற நினைப்பும் இருக்கிறது. ஆனால் வெள்ளிவீதியார் வரியை வடிவாகப் பாருங்கள்: “எனக்கும் ஆகாது” முதலில், “என்ஐக்கும் உதவாது” பிறகு. தன் அழகுக்கு முதல் உரிமைக்காரி தான் என்று சொல்லிவிட்டுத்தான் அவனிடம் வருகிறாள். இத்தனை வருடம் பரீட்சைக்குப் பொருள் சொல்லிக் கொடுத்த எனக்கு இந்த வரிசை கண்ணில் படவே இல்லை.

9 மார்ச், விடியப்புறம் இரண்டு மணி

நேற்றுச் சிவராத்திரியும் மகளிர் தினமும் ஒன்றாக வந்துவிட்டன. போனுக்கு வந்த மகளிர் தின வாழ்த்தில் பாதி பார்லர் விலைக்கழிவு. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போவதா வீட்டிலேயே விழித்திருப்பதா என்று யோசித்து வீட்டில் இருந்துவிட்டேன், நித்திரை வராமல் இருக்க இதை எழுதுகிறேன்.

சிவனடியார் காரைக்கால் அம்மையாரை யாரும் இன்னும் சொல்லவில்லையே. கதை எல்லோருக்கும் தெரியும், மாம்பழம், பயந்து ஓடிப்போன புருஷன், அதெல்லாம். எனக்கு முக்கியமான இடம் அதற்குப் பிறகு. அவனுக்காகத் தாங்கிய இந்தச் சதை இனி வேண்டாம் என்று சிவனிடம் கேட்கிறார். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வது “ஊனடை வனப்பை எல்லாம் உதறி”. உதறி! மழையில் நனைந்த குடையை உதறுவது மாதிரி. பிறகு அம்மையார் தானே பாடும்போது:

கொங்கை திரங்கி நரம்பெழுந்து
குண்டுகண் வெண்பல் குழிவயிற்று...

மார்பு வற்றி, நரம்பு தெரிந்து, கண் குழி விழுந்து. இது ஆலங்காட்டுப் பெண்பேய் ஒன்றைப் பாடுவது, தன்னையே நேராகச் சொல்லவில்லை என்று ஐயா திருத்த வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் பதிகத்தின் முடிவில் தன் பெயரைக் காரைக்காற் பேய் என்றுதான் போடுகிறார். வர்ணனை மரபை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒருத்தி அதே உறுப்பு வரிசையை எடுத்து, ஒவ்வொன்றாகக் கெடுத்து வைக்கிறார். அதுவும் நூற்றாண்டுக் கணக்கில் முன்பு.

போன வருடம் இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தார்கள். பிறகு ஒருத்தி: “மிஸ், வடிவில்லாமல் போறதுக்கும் தவம் செய்யவேணுமா?”

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

10 மார்ச்

தெஹிவளை அக்கா, நீங்கள் கேட்ட நேரடிப் பதில் இதுதான், முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். ‘சொல்லாத சேதிகள்’, 1986, யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் போட்டது, சித்திரலேகா மௌனகுரு தொகுத்தது. பத்துப் பெண்களின் கவிதைகள். அதில் அ. சங்கரியின் ‘அவர்கள் பார்வையில்’. அங்கே பேசுகிறவளுக்கு முகம் கிடையாது, இதயம் கிடையாது, ஆன்மா கிடையாது. அவர்கள் பார்வையில் மிச்சம் இருப்பது உறுப்புகள் மட்டும், அதற்குப் பிறகு கடமைகள்: சமையல், படுக்கை, பிள்ளை. கேசாதிபாதம் என்று தொடங்கினேனே, அதில் தலையிலிருந்து இறங்கும்போது முதலில் முகத்தை அழித்துவிட்டு இறங்கினால் இந்தக் கவிதை. பியர்சியின் பிள்ளை மூக்கை வெட்டிக் கொடுத்தாள், இங்கே முழு முகமும் போய்விட்டது, ஒருவரும் கவனிக்கவில்லை. நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள்.

குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்பு 2002இல் வந்தபோது தலைப்புக்கே தமிழ்நாட்டில் எவ்வளவு ஆர்ப்பாட்டம். அதை வகுப்புக்குக் கொண்டுபோகும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை, பெற்றோர் கூட்டத்தை நினைத்தால் வயிறு கலக்குகிறது.

சங்கரி கவிதையைக் கொண்டுபோனேன். “மிஸ், அவர்கள் எண்டா ஆம்பிளையளா?” என்று ஒருத்தி. இன்னொருத்தி யோசித்துவிட்டு, “எங்கட அம்மம்மாவும் அதுக்குள்ள வருவா” என்றாள். நான் கவிதையைப் படித்த வயதில் அது ஆண்களைப் பற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நிறத்தையும் எடையையும் முதலில் சொன்ன வாய் எதுவென்று கேட்டுப் பாருங்கள்: அம்மா, மாமி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா. அத்தனை பேரும் அன்பானவர்கள். அவர்களை “அவர்கள்” என்று எழுத எந்தப் பிள்ளைக்கும் கை வராது. அதுதான் சிக்கல்.

16 மார்ச்

அல்பம் பற்றிச் சொல்லவேண்டும், இது நீளும்.

கொழும்பில் சாமத்திய வீடு (பூப்புச் சடங்கு) இப்போது எப்படி நடக்கிறது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மண்டபம் பதிவு, மேக்கப் செய்ய ஒருவர், முடிக்கு இன்னொருவர், மூன்று உடுப்பு மாற்றம், காலி முகத்திடலில் ஒரு நாள் போட்டோ எடுப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு. உடம்பு என்ன செய்கிறது என்று அவளுக்கே விளங்காத அந்த மாதத்தில் முந்நூறு பேர் வந்து மேடையில் அவளைக் கேசாதிபாதம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். என் காலத்தில் தண்ணி வார்த்து, ஆராத்தி எடுத்து, பலகாரம் கொடுத்து முடித்தார்கள். அதிலும் பேச்சு இருந்தது, ஆனால் படம் ஆறோ ஏழோ, அதில் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றது மூன்று.

பழைய முறையைப் புகழ வரவில்லை. எனக்கும் மஞ்சள் பூசினார்கள், கோப்பியைக் குடிக்காதே கறுத்துப் போவாய் என்றார்கள், வலைப்பந்து விளையாடப் போகாதே என்றார்கள். வெயிலுக்காக விளையாட்டை விட்டேன். நல்ல உயரம் எனக்கு.

சரி, அல்பம். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நான் கொடுத்த கவிதைப் பயிற்சிக்கு இதை எழுதிக்கொண்டு வந்தாள். தலைப்பு தாய்மை, இயற்கை, சமாதானம் மூன்றில் ஒன்று என்று சொல்லியிருந்தேன், மூன்றையும் விட்டுவிட்டு இது. அவளும் அவளுடைய தாயும் சம்மதித்ததால் போடுகிறேன்:

சாமத்திய வீட்டு அல்பம் வந்தது.
எல்லாரும் இருந்தார்கள்
அம்மா அப்பா மாமா மாமி
நடுவில் யாரோ ஒரு பிள்ளை
என்னுடைய சாறியைக் கட்டிக்கொண்டு.
நான் எங்கே?

போட்டோக் கடையில் முகத்தை மூன்று படி வெளுக்க வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், கேட்காமலே. அம்மாவுக்கு நல்ல சந்தோஷம், பெரிதாக்கி ஹோலில் மாட்டிவிட்டார். “முகம் வெள்ளை, கை என்ர கை மாதிரி” என்று அவள் எனக்குக் காட்டினாள். கையை வெளுக்க வைக்க மறந்துவிட்டார்கள்.

பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தேன்.

17 மார்ச்

இரவெல்லாம் அந்தக் கடைசி வரி உறுத்துகிறது. “நான் எங்கே?” சத்தம் கூடிவிட்டது. “யாரோ ஒரு பிள்ளை, என்னுடைய சாறியைக் கட்டிக்கொண்டு” என்பதில் எல்லாம் வந்துவிட்டதே, அதற்குப் பிறகு எதற்குக் கேள்வி? அங்கேயே நிறுத்தச் சொல்லலாமா? கொட்டாஞ்சேனை ஐயா எதிர்க்கிறார்: பதினைந்து வயதுப் பிள்ளை, கத்தட்டும், அடக்கிச் சொல்வது பெரியவர்களின் ருசி என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளைக் குறைத்துச் சிரி, மெதுவாகக் கதை என்று வீட்டில் சொல்வதைத்தான் நானும் கவிதையின் பெயரால் சொல்கிறேனோ?

அப்புறம் நாலடியார். யாரோ 131ஆம் பாட்டை மருந்தாகப் போட்டிருந்தார்கள், “குஞ்சி யழகும் கொடுந்தானைக் கோட்டழகும் மஞ்சள் அழகும் அழகல்ல”, கடைசியில் “கல்வி அழகே அழகு”. (குஞ்சி தலைமுடி, கோடு உடுத்த துணியின் கரை.) என் அம்மா இந்தப் பாட்டைச் சொல்லிக்கொண்டே எனக்கு மஞ்சள் அரைத்தவர். வரி நல்ல வரி, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் அது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்: “கறுப்பெண்டாலும் கெட்டிக்காரி.” என்னைப் பற்றி எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! அந்த “எண்டாலும்” இருக்கிறதே, அது ஒரு கடன் சீட்டு. நிறத்தில் விழுந்த துண்டைப் புள்ளியில் கட்டவேண்டும். எட்டு ஏ எடுத்தால் போதாது, ஒன்பது எடுக்கவேண்டும். வெள்ளையாக இருந்த என் தங்கச்சிக்கு வேறு தண்டனை, அவள் பொறியியல் படித்து முடித்த பிறகும் “வடிவான பிள்ளை” என்றுதான் அறிமுகம்.

24 மார்ச், பௌர்ணமிப் போயா

விடுமுறை. ஞாயிறுப் பத்திரிகையின் மணமகள் தேவை பக்கத்தை வகுப்புக்காக வெட்டி வைத்தேன். நாலு வரி, இறுக்கமான சொற்கள், ஒரு எழுத்துக்கும் காசு, இதைவிடச் சிக்கனமான செய்யுள் ஏது? சிவந்த, மெல்லிய, உயரமான. “பொது நிறம்” என்று ஒரு சொல் எங்கள் ஆட்களிடம் உண்டு, கறுப்பு என்று எழுதக் கூசும்போது போடுவது. யாருக்குப் பொது? பேருந்து மாதிரியா?

ஒருவர் சிகிரியாக் குன்றை ஞாபகப்படுத்தினார். ஓவியப் பெண்களைப் பார்க்க ஏறியவர்கள் ‘கண்ணாடிச் சுவர்’ என்ற மினுக்கிய சுவரில் கீறிவிட்டுப் போன சிங்களப் பாட்டுகள், எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை பெரும்பாலானவை, தொல்லியலாளர் பரணவிதான 685ஐப் படித்து 1956இல் புத்தகமாகப் போட்டார். பொன்னிறத்தாள், பொன்னிறத்தாள் என்று உருகுகிறார்கள். படத்துக்குக் கீழே கொமன்ட் போடுகிற பழக்கம் ஆயிரம் வருடம் பழையது என்று என் பெறாமகன் சொன்னான், அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை. ஓவியத்தில் இருப்பவள் ஒன்றும் திரும்ப எழுதமுடியாது என்பதுதான் வித்தியாசம். என் மாணவி எழுதிவிட்டாள்.

6 ஏப்ரல்

பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்குப் போய்வந்தேன். பொலன்னறுவைச் சிவதேவாலயத்தில் கிடைத்த வெண்கலங்களில் காரைக்கால் அம்மையார் இருக்கிறார் என்பதற்காகவே. சின்ன உருவம். இருந்தபடி கையில் தாளம், விலா எலும்பு எண்ணலாம், மார்பு வற்றித் தொங்குகிறது. அதே தொகுதிப் பார்வதி எவ்வளவு நளினம், இடுப்பை ஒடித்து நிற்பது என்ன, வார்த்தவர்களுக்கு இரண்டும் தெரிந்திருக்கிறது.

பிள்ளைகள் பார்வதியைத்தான் முதலில் படம் எடுத்தார்கள், நானும்தான். அம்மையாருக்கு முன்னால் போனதும் தவம் கேள்வி கேட்ட அதே பிள்ளை (இந்த வருடம் பரீட்சை எழுதப்போகிறாள்) நெடுநேரம் நின்றுவிட்டு, “மிஸ், இவ சிரிக்கிறா” என்றாள். நான் போய்க் குனிந்து பார்த்தேன். சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது, வெளிச்சத்தாலோ தெரியாது. “பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறா, வாய் அப்பிடித்தான் இருக்கும்” என்றாள் இன்னொருத்தி. வெளியே வந்து ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன், வெயிலுக்குள் நின்றுதான் குடித்தார்கள், அதிலும் இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு.

18 ஏப்ரல்

வருடப்பிறப்பு முடிந்து வகுப்புத் தொடங்கியது. அல்பப் பிள்ளை கவிதையைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள், நான் எதையும் சொல்லாமலே. “நான் எங்கே?” போய்விட்டது. இப்போது முடிவு இப்படி:

நடுவில் யாரோ ஒரு பிள்ளை
என்னுடைய சாறியைக் கட்டிக்கொண்டு.
வடிவாத்தான் இருக்கிறாள்.

நானும் ஐயாவும் ஒரு மாதம் அடிபட்டது வீண். இது எங்கள் இரண்டு பேர் முடிவையும்விட மோசமான வரி, மோசமான என்றால் கெட்ட என்று இல்லை, வயிற்றில் விழுகிற மாதிரி. பொறாமையா, நக்கலா, உண்மையாகவே அந்தப் பொய் முகம் அவளுக்குப் பிடித்துவிட்டதா? கேட்டேன். “தெரியாது மிஸ், பாத்துப் பாத்து அப்பிடித்தான் வந்தது” என்றாள். மலர்ச்சாலையில் நான் தலையாட்டியது ஞாபகம் வந்தது.

தெஹிவளை அக்காவின் மகள் இப்போது சாப்பிடுகிறாளாம், சந்தோஷம்.

இந்தப் பிள்ளை புது வரியை அம்மாவுக்கும் காட்டியிருக்கிறாள், அந்தப் பெரிய படத்துக்குக் கீழே இருந்த கதிரையில் வைத்துத்தான். அம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, “வடிவா எழுதியிருக்கிறாய்” என்றாராம். கவிதையைச் சொன்னாரா கையெழுத்தைச் சொன்னாரா என்று பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை.